கணவர் பெயரைச் சொல்லாத குற்றம்

அனுப்புநர்:
திருமதி சிவனேஸ்வரி
(கணவர் பெயருக்கு இணைப்பு 1ஐப் பார்க்கவும்),
பென்டில் ஹில், சிட்னி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
குடிவரவு விண்ணப்ப விசாரணைப் பிரிவு,
சிட்னி.

விடயம்: கணவர் பெயர் தெரியாதவள் என்று கூறி என் வதிவிட விண்ணப்பத்தை நிராகரித்தமை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் 9.10.1978 திகதியிட்ட கடிதம் கிடைத்தது. ஆட்சேபம் இருந்தால் தாய்மொழியிலேயே எழுதலாம் என்று அதன் அடியில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

1. செப்டெம்பர் 26ஆம் திகதி நடந்த விசாரணையில் தங்கள் அதிகாரி என்னிடம் கேட்ட முதற் கேள்வி, கணவர் பெயர் என்ன என்பது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை உரத்துக் கேட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

2. எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் மனைவி கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் திரு. ஆரோக்கியசாமி சிங்கப்பூர்த் தமிழர். அவருக்கு இந்த வழக்கம் தெரியும். ஆனால் சொன்னதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும் என்பது தங்கள் விதியாம். “நான் என்னக்கா செய்றது, நீங்க வாயத் திறந்தாத்தானே?” என்று பிறகு வெளியில் வந்து வருத்தப்பட்டார்.

3. ஒத்துழைக்கவில்லை என்ற பெயர் வரக் கூடாதென்று ஒரு குறிப்புக் கொடுத்தேன். தேவலோகத்து அரசனின் பெயர், கடைசியில் இன்னுமொரு அரசன் என்றேன். எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்துவிடும். தங்கள் அதிகாரியோ, என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உயிரோடு இருப்பவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். விரலால் காட்டினேன். அது பதிலாகாது என்றார்கள்.

4. நான் வீட்டில் எப்படிக் கூப்பிடுவேன் என்று அவரைத் தனியே கேட்டபோது, “இஞ்சாருங்கோ” என்று கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டபோது, கூப்பிடுவதில்லை, பக்கத்தில் போய் நின்றால் அவருக்கே விளங்கும் என்றேன். இதை முரண்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மை. அவர் பேப்பர் வாசிக்கும்போது மட்டும் கூப்பிட வேண்டியிருக்கும்.

5. சான்றாகக் கொடுத்த இருநூற்றுப் பதினொரு கடிதங்களிலும் உள்ளே ஒரு கையெழுத்தும் உறையில் வேறொரு கையெழுத்தும் இருப்பது சந்தேகத்துக்குரியது என்கிறீர்கள். உள்ளே எழுதியவள் நான். உறையில் அவர் பெயரை எழுதியவன் என் தம்பி நாகராஜன். சொல்லாத பெயரை எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. தபாலுக்குப் பெயர் வேண்டும் என்பதால் அவனைப் பிடித்தேன்.

6. அவரைப் பற்றி எனக்குத் தெரியாதவை மிகக் குறைவு. கத்தரிக்காய் தின்னமாட்டார்; தின்றதாகச் சொல்லி யன்னல் வழியே எறிவார். இடது கடைவாய்ப் பல் கட்டிய பல். சம்பளம் கூட்டிக் கேட்கப் போகும் நாளில் இரண்டு முறை சவரம் செய்வார். இவற்றை யாரும் கேட்கவில்லை.

7. அன்று விசாரணை முடிந்து ரெயிலில் வரும்போது அவர், “பேரைச் சொன்னா நான் செத்தே போயிடுவன்?” என்றார். நான் எழுந்து எதிர் ஆசனத்துக்குப் போய்விட்டேன். ஐயா, நான் படித்தவள், பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். இந்த நம்பிக்கை முழுக்க உண்மை என்று வாதாட வரவில்லை. ஆனால் அவர் கட்டடப் பொறியியலாளர். பரமட்டாவில் ஒன்பதாம் மாடிச் சாரத்தில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர். உண்மையா பொய்யா என்று பரிசோதித்துப் பார்க்க எனக்கு ஒரேயொரு கணவர்தான் இருக்கிறார்.

8. 1974இல் கலியாணம் முடிந்து பதினேழாம் நாள் அவர் சிட்னிக்குத் திரும்பிவிட்டார். அதன் பின் மூன்றரை வருடம் கடிதத்தில்தான் குடும்பம் நடத்தினோம். இந்த ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தேன். நவம்பர் 13க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்கிறீர்கள். இன்னொரு முறை அவரைப் பிரிந்திருக்க என்னால் முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்றாலும் தங்கள் விசாரணைக் கோவையில் இது பதிவாகட்டும்.

ஆகவே, வெளியேறும் உத்தரவை நிறுத்தி வைத்து, என்னை மீண்டும் ஒரு முறை விசாரணைக்கு அழைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் அவருடைய பெயரைச் சொல்வேன். இது அவருக்குத் தெரியாது, தெரிவிக்கவும் வேண்டாம். ஒரு முறைதான் சொல்வேன். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று மட்டும் சொல்லக் கூடாது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சிவனேஸ்வரி

இடம்: பென்டில் ஹில்
திகதி: 16.10.1978

இணைப்பு 1: விவாகப் பதிவுப் பத்திரம் (பெயர் இரண்டாம் வரியில் உள்ளது).