நிலவுக்காரர்கள் இன்னும் போகவில்லை

ராத்தா,

இன்று காலை பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது வானொலியில் செய்தி போனது. நிலவில் ஆட்களை இறக்கத் தனியார் கம்பனி கட்டும் கலம் இன்னும் தயாரில்லையாம். பயணம் மறுபடியும் பிந்துகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றேன். அங்கே மடியில் கீரைக்கட்டோடு யாரோ ஒரு பெண். பாவம், மிரண்டுபோய் ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

அந்த இடத்தை நான் அலவத்துகொடையில் ஏறும்போதே உங்களுக்காகப் பிடித்து வைப்பேன். அக்குறணையில் மூச்சு வாங்க ஏறுவீர்கள். கண்டிப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணக்கு டீச்சர், நான் விஞ்ஞானம்; மூத்தவர் என்பதால் எனக்கு நீங்கள் ராத்தா. ஆனால் நிலவுப் பைத்தியம் உங்களுக்குத்தான். "முந்தி ஆள் போய் நடந்த காலத்துல நாம ரெண்டு பேரும் பொறக்கவே இல்ல புள்ள. எனக்கு ஒரு தரம் கண்ணால பாக்கணும்" என்பீர்கள்.

ஒரு கம்பனியின் கலம் இறங்கிய கையோடு குடைசாய்ந்தது. இன்னொன்று எரிபொருள் ஒழுகி வழியிலேயே கெட்டது. மற்றதெல்லாம் தவணைக்கு மேல் தவணை. "சொன்ன தேதிக்கு ஒரு வேல செய்யத் தெரியாதா இவங்களுக்கு!" என்று நான் கத்துவேன். நீங்கள் அசைய மாட்டீர்கள்.

"பிறை தென்படாட்டி முப்பது நோன்பையும் பூர்த்தியாக்கிட்டுத்தான் எங்களுக்குப் பெருநாள். வட்டிலப்பம் அடுப்புல இருந்தாலும் பொறுக்கத்தான் வேணும். நிலவு விஷயம் அப்பிடித்தான் புள்ள."

பிறகு உங்கள் சிறுநீரகம் கைவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் நாட்களில் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். ஊசி ஏறியதும் முதல் கேள்வி, "நிலவுக்காரனுக என்ன சொல்றானுக?" பிந்துதாம் என்றால் உங்கள் முகம் மலரும். "நல்லம். எனக்கும் கொஞ்சம் டைம் வேணும்தானே."

அதன்பின் நான் கத்துவதை விட்டேன். ஒவ்வொரு தவணையும் உங்களுக்குக் கிடைத்த தவணையாகவே எனக்குப் பட்டது. ராக்கெட் பிந்தியதற்குக் கைகொட்டிச் சிரித்த இரண்டு டீச்சர்மாரை அந்த வார்டு நர்சுகள் மறந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள்தான் பிந்தவில்லை. ஒரு காலை உங்கள் மகள் போனில் கோல் எடுத்தாள். உங்களில் அடக்கம் அன்றைக்கே என்று இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மனசு அதை எங்கள் வீட்டுச் சாவாகவே எடுத்துக்கொண்டது. எங்களில் இரண்டு நாளாவது வைத்திருந்து, தூரத்து ஆட்கள் வரும்வரை பார்ப்போம். நானும் அதே நினைப்பில் மடுல்கெல்லைக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கண்டியில் மலர்வளையம் கட்டும்வரை நின்று வாங்கிக்கொண்டு, பின்னேரம் உங்கள் வாசலில் இறங்கினேன்.

"சாச்சி, உம்மாவ அடக்கிட்டாங்களே" என்றாள் மகள். உங்கள் வீட்டில் வேலையில்லாத அந்த மலர்வளையத்தை இரண்டு கையாலும் வாங்கி வைத்தாள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை ராத்தா.

இன்று இடைவேளையில் புதிதாக வந்த விஞ்ஞான சேர் கொதித்தார். "மிஸ், இவனுங்க எப்பதான் போவானுங்க?" என்றைக்காவது இறங்கத்தான் போகிறார்கள். ஊரே பார்க்கும், நானும் பார்ப்பேன். அன்றைக்குத்தான் நீங்கள் நிஜமாகவே இல்லாமல் போவீர்கள். அந்த நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிந்தட்டும் ராத்தா. அவர்கள் போகாதவரைக்கும் நீங்கள் எதையும் தவறவிடவில்லை.