வலப்பக்கத்துப் படம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் சித்திக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசுதான் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். உன் குரலைக் கேட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறு. இப்போது மணி பதினொன்று. மூன்று மணிக்கு நம் பத்திரிகை அச்சுக்கு ஏறுகிறது. அதற்குள் நான் இரண்டு மாடி இறங்கிப் போய் ஒரு கதவைத் தட்டவேண்டும். தட்டுவதற்குப் பயந்துகொண்டுதான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அப்பா வாஷர் மாற்றினார், மாற்றிய பிறகு முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. கேட்டால் புது வாஷர் பழகவேண்டுமாம். சித்தியின் தையல் கடையில் ஜன்னல் பக்கத்து மெஷினுக்கு மோட்டார் வைத்தாயிற்று, இருந்தாலும் பழக்கதோஷத்தில் காலை ஆட்டிக்கொண்டேதான் தைக்கிறாள். உனக்குக் கழுத்துவலி எப்படி இருக்கிறது? லேபில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து கிடக்காதே, நாற்காலியை உயர்த்திப் போடு, மணிக்கொரு தரம் எழுந்து நட. எனக்குச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை, இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்தேன்.

பத்திரிகை உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் வாராந்தரியில் பக்கம் வடிவமைத்துவிட்டு ஓய்வு என்று வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. கீழே உன் லிஃப்ட் மாமா, லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பழைய பொம்மை மோட்டாரையும் சோப்பு டப்பாவையும் வைத்து உள்ளங்கை அளவு ரோபோக்களாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தார். இதை நம் மொழியில் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லையே தங்கச்சி என்று அவர் அலுத்துக்கொண்டதும் நான்தான் பத்திரிகை போடலாம் என்றேன். அவர் செய்முறை எழுதவேண்டும், நான் பக்கம் போடவேண்டும், சித்தி அதைப் படித்துச் செய்து பார்க்கவேண்டும். அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று கணக்கு. மாதம் ஒன்று, பதினாறு பக்கம், பெயர் ‘சக்கரக்கால்’. உனக்குன்னே வச்ச பேரு மாதிரி இருக்கே என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை.

முதல் இதழின் ரோபோவுக்கு இரண்டு சக்கரம், இரண்டு கண். கண் என்றால் சென்சார்தான், எதிரே ஏதாவது வந்தால் உணர்ந்து சொல்லும். இடது கண்ணில் சுவர் பட்டால் வலது பக்கம் திரும்பிப் போகவேண்டும், வலது கண்ணில் பட்டால் இடது பக்கம். அவ்வளவுதான் அதன் படிப்பு. ஒன்பது நாள் முன்னால் நம் கூடத்தில் வைத்துச் சோதனை. சித்தி நம் பக்கங்களை மட்டும் பார்த்து ஒரு ரோபோ செய்து கொண்டுவந்தாள். தையல்காரியாயிற்றே, அளவைத் தாண்டி ஒரு நூல் போகமாட்டாள், படத்தில் இருந்தபடியே ஒயர் ஒயராக மாட்டியிருந்தாள். பட்டனைத் தட்டிவிட்டதும் அது நேராகப் போய், சுவரைப் பார்த்து, ஆசையாகத் திரும்பிச் சுவரிலேயே முட்டியது. மறுபடி விட்டோம், மறுபடி முட்டியது. மேல்மாடிக்காரர்கள் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எல்லோர் முன்னாலும் லிஃப்ட் மாமாவைப் பார்த்து, நீங்கள் எழுதிக்கொடுத்த புரோகிராம் தப்பு, வயதாகிவிட்டது, இடது எது வலது எது என்றுகூடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “நாப்பது வருஷத்துல மேல போற பட்டனை அழுத்தி என் லிஃப்ட் கீழ போனதில்ல தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பிறகு வரவில்லை. பத்திரிகையை நிறுத்திவிட்டால் தோற்றதாகிவிடும் என்று நானும் வீம்புக்கு அச்சகத்தில் தேதி வாங்கினேன். முட்டுகிற ரோபோவை எப்படி ஊருக்குக் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை.

இன்று காலை அவர் பென்சிலில் வரைந்து கொடுத்த மூலப்படத்தைத் தேடி எடுத்தேன். ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தூக்கிப் பிடித்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் தாளின் பின்பக்கத்திலிருந்து படம் தெரிந்தது. அச்சு அசலாக நம் பத்திரிகையில் இருக்கிற படம். அப்போதுதான் உறைத்தது. நீ குழந்தையாக இருந்தபோதே உனக்குச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் இருக்கும் உருவம் பக்கத்துக்கு உள்ளே பார்க்கவேண்டும், வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் வெளியே போய்விடும். கண்கள் இருக்கும் படம் இடப்பக்கத்தில், அது உள்ளேதான் பார்த்தது. சக்கரங்கள் இருக்கும் படம் வலப்பக்கத்தில், ரோபோ வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. கை தன்பாட்டுக்கு அந்தப் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டது. எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுகொண்டன, அவற்றை மட்டும் அழித்து நேராக எழுதி, ஆஹா என்ன அழகு என்று தள்ளி நின்று பார்த்தேன் பாவி. இடது சக்கரத்தின் ஒயர் வலதுக்கும் வலதின் ஒயர் இடதுக்கும் போய்விட்டது. தப்பு அவருடையது இல்லை குட்டிம்மா, என்னுடையது.

நீ கேட்டாய். பக்கத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பிய அன்றைக்கே போனில் கேட்டாய். “ஒரு படத்துல பேட்டரி இடது பக்கம் இருக்கு, இன்னொண்ணுல வலது பக்கம் இருக்கே, ரெண்டும் ஒரே ரோபோதானாம்மா?” என்றாய். நான் என்ன சொன்னேன்? நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து பக்கம் போடுகிறேன், எனக்குக் கற்றுத் தராதே, உன் லேப் வேலையைப் பார் என்றேன். நீ சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தாய். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுகூடக் கிடையாது. திருத்திய படத்தை இப்போதுதான் அச்சகத்துக்கு அனுப்பினேன். அந்த வேலை முடிந்தது. வாய்விட்ட வார்த்தையைத் திருத்தி யாருக்கு அனுப்புவது? சரி, போகிறேன். செருப்பு எங்கே என்று பார்க்கிறேன், காலிலேயே இருக்கிறது.

போய்விட்டு வந்தேன். இப்போது சாயங்காலம். கதவைத் திறந்தவரிடம் உட்காரக்கூட இல்லாமல், படத்தைத் திருப்பியது நான்தான், உங்களை அவமானப்படுத்தியதும் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அப்பா உன்னிடம் சொல்லிவிடுவார். லிஃப்ட் மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “அது அன்னிக்கு ராத்திரியே தெரியும்மா” என்றார். படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்தவர், என்னிடம் சொன்னால் நான் மனசு ஒடிந்துபோவேன் என்று, என் தப்பான படத்துக்குப் பொருந்துகிற மாதிரி தன் சரியான புரோகிராமை மாற்றி எழுதி, எனக்குத் தெரியாமல் முந்தாநாள் நேரே அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அடுத்த நிமிஷம் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் விளங்கியது. அவர் புரோகிராமை மாற்றிவிட்டார், நான் படத்தை மாற்றிவிட்டேன். ரோபோ மறுபடியும் சுவரில் முட்டும்!

மணி இரண்டே முக்கால். அச்சகக்காரர் மெஷின் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படியில் எங்கள் கூச்சலைக் கேட்டு இறங்கி வந்த அப்பா, குழாயோடு மல்லுக்கட்டிய ஈரச் சட்டையோடும் ஹவாய் செருப்போடும் தெருவில் ஓடினார். பத்திரிகையைக் கிண்டல் பண்ணின மனுஷன் ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்கவேண்டும். மெஷினை நிறுத்திவிட்டார். நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, படத்தை விடுவதா புரோகிராமை விடுவதா என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து. உன் படம் உள்ள பார்த்தாதானே அழகு, நான் மாத்தின புரோகிராமே இருக்கட்டும் என்று அவர் பிடிவாதம். நான் விடவில்லை. அவர் வரைந்தது வரைந்தபடி, எழுதியது எழுதியபடி போகட்டும், ரோபோ வெளியே பார்த்தால் அதற்குக் கழுத்தா சுளுக்கிக்கொள்ளப் போகிறது என்றேன். அப்படியே அச்சாகியிருக்கிறது. பின்அட்டையில், பிழை கண்டு முதலில் சொன்னவர் என்று ஒரு வரி போடச் சொன்னேன், அதற்குப் பக்கத்தில் இருப்பது உன் பெயர். உன்னைக் கேட்காமல் போட்டுவிட்டேன், கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய்.

இந்தக் கடிதத்தோடு முதல் பிரதியும், ஒரு பொட்டலத்தில் இரண்டு மோட்டாரும் இரண்டு கண்ணும் புரோகிராம் ஏற்றுகிற ஒரு போர்டும் அனுப்புகிறேன். ஒயரை எல்லாம் சித்தி கலர் கலராக நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து செய்து பார், போர்டில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடு, பத்திரிகைப் பக்கத்தில் இருப்பதை மட்டும் செய், உன் கெட்டிக்காரத்தனத்தைச் சேர்க்காதே. நீ நோய் நொடியில்லாமல், மனக்குறை இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும். என் வாய்தான் உனக்குத் தெரியுமே, வாய் சொன்னதை மனசு சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

ரோபோ சுவரில் முட்டினால் உடனே போன் பண்ணு. முட்டாவிட்டாலும் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆசிரியர், ‘சக்கரக்கால்’