நான் அழித்த மேகம்

நண்பா,

இன்று காலை மில்லர்புரத்தில் பேருந்துக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ரேடார் படத்தைக் காட்டினார். நம் கடற்கரைக்கு எதிரே உள்ள தீவுகளை ஒட்டிப் பச்சையும் மஞ்சளுமாக மழை. "முக்கா மணி நேரத்துல இங்கன வந்துரும் அண்ணாச்சி" என்றார். சொன்னபடியே வந்தது. கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றாமல் நனைந்தேன்.

எழுபதுகளில் துறைமுக அலுவலகத்தில் நமக்கு வாய்த்தது கப்பல் பார்க்க வைத்த ரேடார்தான். அதில் மழையும் தெரியும் என்று கண்டுகொண்டவன் நீ. திரையில் தெரிவதை மெல்லிய தாளில் பென்சிலால் படியெடுத்து, மாடியிறங்கி என் மேசைக்குக் கொண்டுவருவாய். வான் தீவு முதலான தீவுகளும் அதில் திட்டுத்திட்டாக விழும். அவற்றை ரப்பரால் அழித்துவிட்டு, மிச்சத்தை வானிலைப் படத்தில் சேர்ப்பது என் வேலை. தினமும் அழித்துப் பழகி, பார்க்காமலே கை போகும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்கு நீ சொன்னாய்: "ஏலே, வான் தீவுக்கு மேல இருக்கது தீவு இல்ல. அரை மணிக்கு முன்னால தெக்க கெடந்துது. அழிச்சிராத."

"சரிலே, போ" என்றேன். டீ வந்திருந்தது. குடித்துக்கொண்டே அழித்தேன். வழக்கமான இடம், வழக்கமான திட்டு. எச்சரிக்கைக் கொடி ஏறவில்லை. மதியத்துக்குள் அடித்த காற்றில், சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. நாலு பேர் நீந்திக் கரையேறினார்கள், ஒருவர் வரவில்லை.

விசாரணையில், நீ ரேடாரைக் கவனிக்கவில்லை என்றார்கள். "நான் வரைஞ்சு குடுத்தேன் சார்" என்றாய். "தாள் எங்க?" என்றார் அதிகாரி. நீ என்னைப் பார்த்தாய். தாள் என் சட்டைப்பையில் இருந்தது. ரப்பர் தேய்த்த இடத்திலும் உன் பென்சில் தடம் வெளிச்சத்தில் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

உன்னைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகும் எதிரில் கண்டால், "என்னலே, சாப்ட்டியா?" என்பாய். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது ரேடார் சொல்வதைக் கணினியே நேராக வாங்கி, எது தீவு எது மழை என்று பிரித்து, முன்னறிவிப்பைத் திருத்திக்கொள்கிறதாம். நடுவில் என்னைப் போல ஒருவன் டீ குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

உன் ஊரான நாசரேத்தில் உன்னை அடக்கம் செய்த அன்று அந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தேன். "ஒங்களப் பத்தி ஒரு கொற சொன்னதில்ல அண்ணாச்சி" என்று உன் மனைவி அழுதார். அதற்குமேல் பைக்குள் கைவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றும் அது பையில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் விரித்துப் பார்த்தேன். தாள் நனைந்து கிழியப் பார்க்கிறது. நீ அழுத்தி வரைந்த கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.