தண்ணீர் ஏறும் வேகம்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொல்லையில் சாக்கடை அடைப்பு, குத்திவிட்டேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும், இன்னும் போகவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. மகள் ஊருக்குப் போகுமுன் போனில் மைக் படம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனாள். அமுக்கிக்கொண்டு பேசினால் தானே எழுதிக்கொள்கிறதாம். எழுதியதை நான் படிக்கப் போவதில்லை. பேசி இறக்கினால் நெஞ்சு லேசாகிறது, அவ்வளவுதான்.

கைப்பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். வாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரி வள்ளிக்கண்ணுவின் வலது கை மடியிலேயே கிடக்கிறது. அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து. இவள் இடது கையால் அதை வாசலுக்கு வீசிவிட்டாள். ஆடு மோந்து பார்த்தது.

அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "தாத்தா, அந்தக் கைய வேலை வாங்கணும். இப்படியே விட்டா இறுகிப் போயிரும். அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் ஆகாது."

சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன்.

"பந்து வெச்சு வெளையாட நான் என்ன பால்வாடிப் புள்ளையா?"

"அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல வெளையாடுனியே?"

"அது வெளையாட்டா? வெள்ளத்துல ஆட்டக் காப்பாத்துறது."

ரொம்ப நாளைக்குப் பிறகு இவ்வளவு பேசியிருக்கிறாள்.

அது பல வருஷத்துக்கு முன்பு. அப்போது எங்கள் முன்கட்டில் கம்ப்யூட்டர் சென்டர். வாடகைக்கு விட்டிருந்தோம். மீமிசலில் மீன் வண்டிக்குப் பாரம் ஏற்றிவிட்டு நான் வரும் நேரம் வகுப்பு முடிந்திருக்கும். கூட்டப் போகிறவள் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மஞ்சள் படகு. மேடு மேடாக நிற்கும் ஆடுகள். தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், மரக்கட்டைகள் மிதந்து வந்து படகை இடிக்கும். வலது கை நாலு அம்புப் பொத்தானில், படகு ஓட்ட. இடது கை கீழே இருக்கும் நீளப் பொத்தானில், கயிறு வீச. நான் பசியோடு பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பேன். சோறு என்றால், "இந்த ஒரு ஆடு" என்பாள்.

ஐப்பசி 11, புதன்

அறந்தாங்கிக்கு பஸ். அந்த சென்டரை நடத்திய ஸ்டீபன் மாஸ்டர் இப்போது அங்கே இ-சேவைக் கடை வைத்திருக்கிறார். சாதிச் சான்றிதழுக்குக் கூட்டம். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அப்படியே.

"அக்கா அந்த ஆட்டு கேமையா கேக்குறாங்க? சிடியில கெடக்கும்ணே. ஆனா இப்ப உள்ள கம்ப்யூட்டர் அதைச் சீண்டாது. பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போட்டுட்டா, நாம பழைய பெட்டியிலதான் ஓடுறோம்னு கேம் நம்பிரும்."

"ஏமாத்துறதா?"

"ஏமாத்துறதுதான். நல்லதுக்கு."

வாங்கியது: மாத்திரை, வெற்றிலை, டீயில் தொட்டுக்கொள்ள வறுக்கி. விட்டது: குடை, பஸ்ஸில்.

ஐப்பசி 13, வெள்ளி

கடையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரை பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி மாஸ்டர் பைக்கில் கொண்டுவந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. என்னென்னவோ தட்டினார். முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது. மஞ்சள் படகு! வள்ளிக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தொட்டதும் படகு பறந்தது. தும்மி முடிப்பதற்குள் எல்லா ஆடும் தண்ணீருக்குள்.

"என்ன தம்பி, வந்ததும் வராததுமா எல்லாத்தையும் கொன்னுட்டியே."

"இப்ப உள்ள மிசின் வேகம்க்கா. கொறைக்கணும்."

கீழ்மூலைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் ஒன்றை அமுக்கினால் வேகம் குறைகிறது, பக்கத்துப் பொத்தான் என்றால் கூடுகிறது. இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பழைய வேகம் எது என்று மாஸ்டருக்கு நினைவில்லை. நான் வெற்றிலையை எடுத்தேன். சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போடவும் கட்டை அக்கரை சேரவும் சரியாக இருக்கும், அன்றைக்கு. அவர் குறைக்கக் குறைக்க நான் மடித்தேன். வாய் நிறைந்துவிட்டது. கடைசியில் "இதான்" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.

மாஸ்டர் போனபின் உட்கார்ந்தாள். இடது கை ஒன்றே அம்புக்கும் கயிற்றுக்கும் தாவுகிறது. எட்டவில்லை. ஒரு ஆடும் மிஞ்சவில்லை. திரும்ப ஆடினாள், அதே கதை.

"போதும். மூடுங்க."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆசையாகக் கொண்டுவந்து அவளை அழவைத்துவிட்டேன்.

ஐப்பசி 14, சனி

அவள் குளிக்கும்போது வேகம் குறைக்கும் மேல் வரிசைப் பொத்தானை வேண்டிய மட்டும் அமுக்கி வைத்தேன். ஒரு தடவை ஆடிப் பாரேன் என்று கெஞ்சினேன். இடது கையாலேயே எல்லா ஆட்டையும் ஏற்றிவிட்டாள். முகத்தில் தெளிச்சி. நான் ஊட்டிய சோற்றை மீதம் வைக்காமல் சாப்பிட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். வலது கை மட்டும் மடியில் பூனை மாதிரி தூங்கியது. அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஐப்பசி 15, ஞாயிறு

கனமழை. பிடித்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதுதான் வினை.

"மென்னு, எந்திரிச்சுப் போயி துப்பிட்டும் வந்துட்டீங்க. கட்டை இன்னும் நடுத்தண்ணியில நிக்கிது."

நான் வெற்றிலையை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"என்ன பண்ணுனீங்க?"

"கொஞ்சம் கொறச்சேன். ஒனக்குத் தோதா இருக்கட்டும்னு."

"சீக்காளின்னு வெள்ளம் நின்னு வருமாக்கும்? நேத்தெல்லாம் நான் ஜெயிச்சேன்னு நெனச்சுக் கெடந்தேனே, நாசமாப் போக. என் வேகத்தக் குடுங்க."

கொடுத்தேன். எல்லாம் முழுகியது. மறுபடி, மறுபடி. ஆட்டைத் திட்டினாள், கட்டையைத் திட்டினாள், என்னை, ஸ்டீபனை. அந்த வேகத்துக்கு ஒரு கை பத்தாது, அது எனக்கே தெரிந்தது. அப்புறம் இடது கையால் வலது கையைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி அந்த நீளப் பொத்தான்மேல் வைத்தாள். சரிந்தது. எடுத்து வைத்தாள். சரிந்தது. நான் கை கொடுக்கப் போனேன். பார்த்த பார்வையில் வெளியே வந்துவிட்டேன்.

மெதுவாக ஓடவிட்டது அவளுக்காக என்று நினைத்திருந்தேன். அவள் தோற்பதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

ஐப்பசி 17, செவ்வாய்

வெயில். மீமிசலிலிருந்து மீன்காரர் வந்தார், காரப்பொடி மீன் மட்டும், வாங்கவில்லை. நேற்று முழுக்க ஒரு ஆடும் ஏறவில்லை. இன்று பயிற்சிக்காரப் பெண் வரும் நாள். காணோம்.

தழை கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டொய்ங் என்று ஒரு சத்தம். ஆடு படகில் ஏறினால் மட்டும் வருகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். விரல் அசையவில்லை. மணிக்கட்டு. வலது மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் எழும்பி, பொத்தான்மேல் பொத்தென்று விழுகிறது. எழும்புகிறது. விழுகிறது. ஒரே ஒரு ஆடு படகில். கூப்பிடலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்று இதைப் பேசிக்கொண்டிருக்

"ஏங்க, அங்கிட்டு நின்னு யாருகிட்ட பேசுறீங்க? போனை வெச்சுட்டு வாங்க. தண்ணி ஏறுது."