ஹெல்மெட்டை நான் போட்டுக்கறேன், அமுதா

கோவளத்து வாயாடி, என் தங்கச்சி அமுதாவுக்கு,

நேத்து செங்கல்பட்டு கோர்ட்ல உனக்காக சாட்சி சொல்லிட்டு வந்தேன். உன் புருஷன் எதிர்ல நின்னான், ரெண்டு பக்கமும் போலீஸ். நடுவுல பெஞ்சு மட்டும் இல்லன்னா எட்டி உதைச்சிருப்பேன். நீ பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துட்டன்னு இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான்.

மேற்கு தாம்பரத்துல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூடுவோமே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் தமிழ் மீடியம், எல்லாருக்கும் கால் சென்டர் வேலை வேணும். வட்டமா உட்கார்ந்து பந்தைத் தூக்கிப் போடுவோம். யார் கையில விழுதோ அவங்க இங்கிலீஷ்ல பேசணும். வாய் தவறித் தமிழ் வந்துட்டா, நம்ம கூடப் படிக்கிற பாஸ்கரோட பைக் ஹெல்மெட்டைத் தலையில மாட்டிக்கணும், அடுத்த ஆள் தவறுற வரைக்கும் கழட்டக் கூடாது.

அதை அதிகமா மாட்டினது நீதான். "வூட்லயும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்க்கா"ன்னு ஒரு நாள் சொன்ன. மத்தவங்க சிரிச்சாங்க. நான் உன் முகத்தையே பார்த்தேன்.

அடுத்த வாரம் 'ரெண்டு பொய், ஒரு உண்மை' விளையாட்டு. மூணு வாக்கியம் சொல்லணும், எது நிஜம்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். பந்து உன் மடியில வந்து விழுந்துச்சு.

"ஐ நெவர் சா தி சீ. ஐ வென்ட் டு டெல்லி பை ஃப்ளைட். மை ஹஸ்பண்ட் பீட்ஸ் மை ஹெட் ஆன் தி வால்."

நீ திக்காம சொல்லிட்டன்னு எல்லாரும் கை தட்டினாங்க. நான் உன்னை மாடிப்படிக்கு இழுத்துக்கிட்டுப் போய் முடியை விலக்கிப் பார்த்தேன். காதுக்கு மேல ரத்தம் கட்டியிருந்துது. பழைய தழும்பு பக்கத்துலயே புதுத் தையல்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"தமிழ்ல சொன்னா அழுதுடுவேன்க்கா. இங்கிலீஷ்ல சொன்னா வேற யாருக்கோ நடந்த மாதிரி கீது."

அன்னைக்கே உன் சேலையூர் வீட்டுக்கு வந்தேன். அவன் கதவைத் திறந்ததும் செருப்பைக் கழட்டி வாய் மேலயே வெச்சேன். அவன் என் கையைப் பிடிச்சு முறுக்கினான், பிசகின விரல் இன்னிக்கும் குளிர்னா வலிக்குது. நீ அரிவாள்மனையைத் தூக்கினப்புறம்தான் விட்டான். உன்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். உங்கப்பா தேடி வந்து, "குடும்பம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்"னு சொல்லி, திரும்ப அவன்கிட்டயே கொண்டு போய் விட்டாரு. அரிவாள்மனையைத் தூக்கினவ, அப்பா கூப்பிட்டதும் ஏண்டி எழுந்து போன? உன் மேலயும் எனக்குக் கோவம்தான்.

ஆடி முடியறதுக்குள்ள உன்னை ஆஸ்பத்திரிப் பிணவறையில பார்த்தேன். முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல, எல்லாப் பக்கமும் உடைஞ்ச மண்டை. ஒரு தடவை வழுக்கி விழுந்தவளுக்கு எத்தனை பக்கம் உடையும்?

நேத்து அவனோட வக்கீல் என்னைப் பார்த்து, "அது பொய் சொல்ற விளையாட்டுதானேம்மா? அதைப் போய் சாட்சின்னு சொல்றீங்களே"ன்னு சிரிச்சாரு.

"ரெண்டுதான் சார் பொய்"னேன். "கடலைப் பார்த்ததே இல்லைன்னா. அவ கோவளத்துக்காரி, அவங்கப்பா படகு வெச்சிருக்காரு. டெல்லிக்கு ஃப்ளைட்ல போனேன்னா. அவ செங்கல்பட்டைத் தாண்டினதில்ல. மீதி என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பேப்பரைப் புரட்டினாரு. ஜட்ஜம்மா அதை அப்படியே எழுதச் சொன்னாங்க. பின்வரிசையில உங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரல.

தீர்ப்பு இன்னும் வரல. நீ போனதுல இருந்து அந்த விளையாட்டை நாங்க தொடவே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறோம், பல்லாவரத்துல இருந்து புதுசா பொண்ணுங்க வர்றாங்க. இனிமே எவளாவது அப்படி ஒரு வாக்கியம் சொன்னா ஒருத்தரையும் கை தட்ட விடமாட்டேன். வட்டத்துக்கு நடுவுலயே, எல்லாரும் கேட்க, "யாருடி உன்னை அடிக்கிறான்?"னு தமிழ்ல கேப்பேன். ஹெல்மெட்டை நானே எடுத்து மாட்டிக்கறேன். இது உன் மேல சத்தியம்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
விஜயா