புனித வெள்ளியும் முந்திரிக்கொத்தும்

அம்பாசமுத்திரம்
21.4.2025

அன்புள்ள சாலோமி அக்காவுக்கு,

போனில் சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். தபால் ஆபீஸில் இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாமே கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் நின்று, கையில் ரோஜாப்பூவும் நான் சுட்ட முந்திரிக்கொத்து டப்பாவுமாக, தெருவே கேட்கும்படி "புனித வெள்ளி நல்வாழ்த்துகள்க்கா!" என்று கத்தினேன். நீங்கள் வெள்ளைச் சேலையில் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தீர்கள். உங்கள் நாத்தனார் எப்சிபா முகம் இருண்டுவிட்டது. வெயில் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்தபடியே டப்பாவை வாங்கி, பூவைத் தண்ணீரில் போட்டுவைத்து, ஒரு முந்திரிக்கொத்தை என் எதிரிலேயே சாப்பிட்டீர்கள். "நல்லா வந்திருக்கு லேகா" என்றும் சொன்னீர்கள்.

இன்றைக்கு ஆபீஸில், புதிதாக வந்திருக்கும் ஸ்டெபி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, அது துக்க நாளுல்லா! வாழ்த்தே சொல்ல மாட்டோமே. ஆராதனை முடிஞ்சி கஞ்சிதான் குடிப்போம்" என்றாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த உங்கள் வாய்க்குக் கஞ்சிக்கு முன்னால் இனிப்பைத் திணித்திருக்கிறேன் நான்!

வெட்கத்தில் செத்துவிட்டேன் அக்கா. இனிமேல் உங்கள் பண்டிகை எதற்கும் நான் வாய் திறக்கப்போவதில்லை. தெரியாத விஷயத்தில் சும்மா இருப்பதுதான் மரியாதை.

மன்னிப்புக் கேட்கும்,
சித்ரலேகா

பாளையங்கோட்டை
26.4.2025

என் லேகாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்லுகிறது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், வாசலில் நீ நிற்கிறாய்! பாதிரி ஐயர் சொன்னதை நடத்திப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டார் ஆண்டவர் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்சிபாவுக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. "இன்னைக்குப் போயி எதுக்கு மைனி இனிப்ப வாங்குனிய?" என்று கேட்டாள். "அவ நாளப் பாத்தா வந்தா? என்னப் பாக்கல்லா வந்திருக்கா" என்றேன். அந்த உச்சி வெயிலில் இரண்டு பஸ் மாறி, டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு "இன்றைக்கு ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

நீ செய்தது எனக்கு வலிக்கவே இல்லை. இனிமேல் வாழ்த்தே சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் வலிக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் என் பிள்ளைகளுக்கு முன்னால் உன் குரல்தான் கேட்கும். அதை எடுத்துவிடாதே.

நீ வராவிட்டால் போ. தீபாவளிக்கு நான் வருவேன்.

உன்,
சாலோமி அக்கா

அம்பாசமுத்திரம்
23.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெட்கம் போகப் போக வீம்பாகிவிட்டது. அதன் பலனை இந்தத் தீபாவளியன்று அனுபவித்தேன்.

வேறு யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியவரக் கூடாதென்று நானே எழுதுகிறேன். என் கொழுந்தன் கணேஷ்ராம் செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டான். நான் கல்யாணமாகி வரும்போது கால்சட்டை போட்ட பையன் அக்கா. உங்களுக்குச் சொல்லி அனுப்பக்கூட எனக்கு முகமில்லாமல் போயிற்று.

எங்களில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை. தெரிந்தவர் யாரும் வாழ்த்துச் சொல்ல வாசல் ஏறுவதும் இல்லை. அப்படிக் கிடந்த வீட்டுக்குத்தான் நீங்கள் மைசூர்பாகு டப்பாவோடு வந்து, "தீபாவளி வாழ்த்துகள் லேகா! இன்னுமா குளிக்கல?" என்று சிரித்தீர்கள்.

என் வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டார். உங்களுக்குக் காப்பி தந்தாளே, அவள்தான் விஜயஸ்ரீ, கணேஷ்ராம் பெண்டாட்டி. அவன் படம் இருந்த அறைக் கதவைப் பைய சாத்திவிட்டு வந்து, டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, "உங்களுக்கும் வாழ்த்துக்கா, உக்காருங்க" என்றாளே, அவள்தான். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டதையும் பார்த்தீர்கள்.

நீங்கள் போனபிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீங்கதானக்கா அந்த முந்திரிக்கொத்துக் கதையச் சொன்னீங்க. அவங்க முழுங்குனாங்கள்லா, நானும் முழுங்கினேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் இந்த வீட்டப் பாத்து ஒதுங்கியே போறாங்க. ஒரு ஆளாவது சிரிச்சிக்கிட்டு உள்ள வந்தாங்கள்லா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

வாய் திறக்க மாட்டேன் என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கிறிஸ்துமசுக்கு நானும் விஜயஸ்ரீயும் வருகிறோம். பலகாரம் இருக்காது. வெறுங்கையோடுதான்.

உங்கள்,
லேகா

பாளையங்கோட்டை
28.10.2025

என் லேகாவுக்கும் விஜயஸ்ரீக்கும்,

லேகா, உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்தப் பிள்ளை விஜயஸ்ரீயின் நெற்றியில் பொட்டில்லாமல் திருநீறு மட்டும் இருந்ததைப் பார்த்தேன். காலையிலேயே குளித்து முழுகி வந்திருக்கிறாள் என்று நினைத்த மடச்சி நான்.

விஜயஸ்ரீ, நீ செய்தது பெரிய காரியம் அம்மா. நான் தின்றது ஒரு நேரத்து நோன்பின் மேல். நீ உன் துக்கத்தின் மேல் அல்லவா தின்றிருக்கிறாய்? உன் தைரியம் எனக்கு வராது. உனக்காக இங்கே தினமும் ஜெபிக்கிறோம்.

லேகா, சாவுக்குச் சொல்லாததற்கு உன்னை நேரில் வைத்துத் திட்டுவேன். அதற்காகவாவது வந்து சேர்.

வெறுங்கையோடு வாருங்கள். வாசலில் நின்று பழையபடி சத்தமாகச் சொல்லுங்கள். கதவைத் திறப்பது எப்சிபாவாகத்தான் இருக்கும். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டாள்: "மைனி, அவங்க முட்ட சாப்பிட மாட்டாங்கள்லா? ரெண்டு பேருக்கும் முட்ட போடாம தனியா ஒரு கேக் நான் செய்யட்டா?"

உங்களுக்காகக் காத்திருக்கும்,
சாலோமி அக்கா