'இன்டிஸ்போஸ்டு' என்றால் லேசான சுகவீனம்

என் பிரியமான அருள் அண்ணா,

துபாயிலிருந்து நீ பெட்டிக்குள்ளே வந்து சேர்ந்த பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அன்று மத்தியானம் உன் கம்பெனி நம்பரிலிருந்து எனக்கு இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. 'உங்கள் சகோதரர் இன்டிஸ்போஸ்டு, பிறகு பேசுகிறோம்.' நான் இங்கிலீஷ் டீச்சராச்சே. இருந்தாலும் அகராதியைப் பார்த்தேன். ஆபீஸ் பாஷையில் மரியாதையாகச் சொல்வது. லேசான, சீக்கிரம் சரியாகிவிடும் சுகவீனம் என்று போட்டிருந்தது.

"இன்னாடி எழுதியிருக்காங்க?"

"லேசா ஒடம்பு சரியில்லியாம்மா. ஜுரமா இருக்கும்."

அம்மா உடனே என் போனை வாங்கி வாட்ஸப்பில் உனக்குப் பேசி அனுப்பினாள். "அருளு, மொளகு ரசம் வச்சிக் குடிடா. ஜுரத்தோட வேலைக்கு ஓடிக்கினு இருக்காத." கொஞ்ச நேரத்தில் ப்ளூ டிக் விழுந்தது. "அண்ணன் கேட்டுடுச்சிம்மா" என்றேன். அம்மா நிம்மதியாக வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில், மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர்கள் போகிற இரைச்சலுக்கு நடுவே போன். உன் ரூமில் இருந்த, ஆபீஸ் வேலை பார்க்கிற மலையாளி ஜோஸ் அண்ணன். வேலையிடத்தில் நீ மயங்கி விழுந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னே உயிர் போய்விட்டது என்றார்.

"எப்போ?"

"நேத்து காலையில, சிஸ்டர்."

நேற்று காலையிலா? அந்த வரி வந்ததே மத்தியானம்தானே?

"அப்போ எங்கம்மா பேசுனத கேட்டது யாரு?"

"நான்தான். அவன் போன் என் கையில இருந்துச்சு. கம்பெனி மெசேஜும் நான்தான் போட்டேன். செத்துட்டான்னு எழுதக் கை வரல."

இல்லாத உனக்கு ஜுரம் என்று அம்மாவிடம் சொன்னது என் வாய்தானே, அண்ணா?

போன வாரம் லீவில் வந்த ஜோஸ் அண்ணன் நம் வூட்டுக்கு வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாதான் உட்காரச் சொன்னாள். அவள் பேசியதைக் கேட்டது அவர்தான் என்று முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"நான் பேசுனத நீ மட்டுந்தான் கேட்டியாப்பா?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில அவன் உடம்புக்குப் பக்கத்துலதான் இருந்தேன். போன அவன் காதுகிட்ட வச்சு, ரெண்டாவது வாட்டி போட்டேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவர்மேல் நான் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். எவ்வளவு பெரிய கெட்ட செய்தி வந்தாலும் இனி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நம்ம பேச்சில், உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ரீட்டா